பெரிய அளவு காமிக்ஸ் மூல ஓவியங்கள்: பாதுகாத்து வைக்கவும் சட்டமிடவும் ஒரு முழுமையான வழிகாட்டி

சிவகாசியில் அச்சான பாக்கெட் அளவு காமிக்ஸ்களைப் படித்து வளர்ந்த ஒருவர், ஒரு சித்திரக்கதையின் மூலப் பக்கத்தை முதன்முதலாக நேரில் காணும்போது, ஓவியத்தின் நேர்த்தியைக் காட்டிலும் அதன் பரப்பைக் கண்டுதான் முதலில் திகைக்கிறார். கையகல அச்சில் பார்த்துப் பழகிய ஒரு காட்சி, மூலத்தில் ஒரு செய்தித்தாளை விரித்து வைத்த அளவுக்கு இருக்கக்கூடும். ஹால் ஃபாஸ்டர் 1937 பிப்ரவரியில் தொடங்கிய பிரின்ஸ் வேலியண்ட், அமெரிக்க ஞாயிறு செய்தித்தாளின் ஒரு முழுப் பக்கத்தை நிரப்புவதற்காக வரையப்பட்ட தொடர். அதன் மூலத் தாள்களில் பல ஏறத்தாழ 27 அங்குல அகலமும் 35 அங்குல உயரமும் உடையவை. அமெரிக்க காமிக்ஸ் இதழ்களுக்கான பக்கங்களும் 1967 வாக்கில் அளவு குறையும் வரை அச்சு அளவைப் போல் ஏறத்தாழ இரு மடங்காக, 12½ அங்குலத்துக்கு 18½ அங்குலம் என்ற ஓவியப் பரப்பில் வரையப்பட்டன. அதற்குப் பிறகுதான் இன்று சேகரிப்பாளர்கள் அனைவருக்கும் பழகிப்போன 11-க்கு 17 அங்குலத் தாள் வழக்கத்துக்கு வந்தது.

சந்தையில் ஆயத்தமாகக் கிடைக்கும் உறைகள், கோப்புகள், சட்டங்கள் பெரும்பாலும் இந்த 11-க்கு 17 அளவை மனத்தில் வைத்தே தயாராகின்றன. அதைத் தாண்டிய தாள் ஒன்று கைக்கு வந்தவுடன் சிக்கல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுகின்றன. தாளின் எடையே அதன் ஓரங்களை மடக்குகிறது; ஈரக்காற்றில் தாள் விரிந்து சுருங்கும்போது, சிறிய தாளில் கண்ணுக்குத் தெரியாத அசைவு பெரிய தாளில் சில மில்லிமீட்டராகி அலைபோல் எழும்புகிறது; ஒருவர் தனியாகத் தூக்கினால் நடுப்பகுதி தொய்கிறது. இந்த வழிகாட்டி அத்தகைய பெரிய தாள்களைப் பற்றியது. சென்னை போன்ற கடலோர ஊரில், நூலகத்துக்குரிய வசதிகள் இல்லாத சாதாரண வீட்டில், அவற்றை எப்படி வைத்துக்கொள்வது என்பதை வரிசைப்படி சொல்ல முயல்கிறேன்.

வந்து சேர்ந்த நாள்

பார்சல் வந்தவுடன் பிரிக்க வேண்டாம். விமானச் சரக்கறையின் குளிரிலிருந்தோ குளிரூட்டப்பட்ட கிடங்கிலிருந்தோ வந்த தாளை நம் ஊர்க் காற்றில் உடனே திறந்தால், குளிர்ந்த தண்ணீர் பாட்டிலின் மேல் முத்து முத்தாக நீர் கோப்பதுபோல் தாளின் மீதும் ஈரம் படியும். ஒரு முழு நாள் அறையிலேயே அப்படியே வைத்திருந்து, மறுநாள் பிரிப்பதே முறை. பிரிப்பதற்கு முன், தாளைவிட ஒவ்வொரு பக்கமும் நான்கு அங்குலமாவது பெரிதான ஒரு மேசையைக் காலி செய்து, துடைத்து, அதன்மேல் சுத்தமான வெள்ளைத் தாளை விரித்துக்கொள்ள வேண்டும். காபி, தண்ணீர், பேனா மூன்றும் அந்த மேசைக்கு வரக்கூடாது. எழுத வேண்டியதைப் பென்சிலால் எழுதலாம்.

கைகளைச் சோப்பிட்டுக் கழுவி நன்றாக உலர்த்திக்கொண்டாலே போதுமானது. வெள்ளைத் துணிக் கையுறை பார்ப்பதற்குக் கண்ணியமாக இருக்கும்; ஆனால் விரலின் உணர்வை மங்கச் செய்து, தாளின் ஓரத்தில் நூல் சிக்கிக் கிழிவதற்கும் அதுவே காரணமாகும். வியர்க்கும் கைகளை உடையவர்கள் நைட்ரைல் கையுறை அணியலாம். தாளை நகர்த்த வேண்டுமானால் அதனடியில் ஒரு விறைப்பான அட்டையைச் செருகி, அட்டையோடு சேர்த்துத் தூக்க வேண்டும். திருப்ப வேண்டுமானால் மேலும் ஓர் அட்டையை மேலே வைத்து, இரண்டுக்கும் நடுவில் தாளை அணைத்தபடி இருவராகத் திருப்ப வேண்டும். 35 அங்குலத் தாளை இரண்டு மூலைகளில் பிடித்து உதறித் திருப்பும் பழக்கம் சுவரொட்டிக்குச் சரி; ஓவியர்கள் வரையப் பயன்படுத்தும் தடித்த தாளான பிரிஸ்டல் அட்டை, எண்பது ஆண்டுப் பழையதானால் அதைத் தாங்காது. சுருட்டுவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஆராய்ந்து குறித்தல்

அடுத்த வேலை, எதனால் வரையப்பட்டது என்று அறிவது. பின்வரும் முடிவுகள் அனைத்தும் இதையே பொறுத்தவை என்பதால் இதில் அவசரம் கூடாது. கார்பன் அடிப்படையிலான இந்தியன் இங்க் ஒளிக்கு அஞ்சாதது. நூறாண்டு கடந்தும் கறுப்பாகவே இருக்கும். சாய அடிப்படையிலான மார்க்கர் பேனா அப்படியல்ல. பெரிய கறுப்புப் பரப்புகளை மார்க்கரால் நிரப்பிய பக்கங்களில் அந்தப் பகுதி மட்டும் பழுப்பாகவோ ஊதாவாகவோ மாறியிருப்பதைக் காணலாம். பிழை திருத்தப் பூசிய வெள்ளை வண்ணம் தடித்த இடங்களில் வெடித்து உதிரும். சாம்பல் நிழலுக்காக ஒட்டப்படும் புள்ளிப் படலமான ஜிப்-அ-டோன், ஆண்டுகள் செல்லச் செல்லச் சுருங்கி, ஓரங்களில் மேலெழும்பி, அடியிலுள்ள பசையை மஞ்சளாக வெளிக்காட்டும். ராய் கிரேன் தமது பஸ் சாயர் தொடரில் புகழ்பெறச் செய்த கிராஃப்டின்ட் தாளோ இன்னும் நுட்பமானது. அதன் நிழற்கோடுகள் தாளிலேயே மறைந்திருந்து வேதிக் கரைசல் பட்டவுடன் தெரிபவை, ஆகவே அத்தாளை நீண்ட நாள் ஒளியில் வைப்பது துணிச்சல் அன்று, அறியாமை.

அறையின் விளக்கை அணைத்துவிட்டு, ஒரு கைவிளக்கை மேசையோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். நேர் வெளிச்சத்தில் சமதளமாகத் தெரிந்த பக்கம் அப்போது ஒரு நிலப்படம் போல மேடுபள்ளங்களைக் காட்டும். எழுத்துகளைத் தனியே எழுதி ஒட்டிய துண்டுகள், வெள்ளை வண்ணத்தின் திட்டுகள், தூக்கிய படல ஓரங்கள், பழைய மடிப்புகள் எல்லாம் தத்தம் நிழலோடு எழுந்து நிற்கும். காகிதத் துண்டுகளை ஒட்டப் பயன்பட்ட ரப்பர் சிமெண்ட் பசை காய்ந்து பிடியை இழந்திருந்தால், துண்டு கழன்று விழத் தயாராக இருக்கும். விழுந்துவிட்டால் அதை மீண்டும் ஒட்ட முயலாமல், ஒரு சிறு பாலியெஸ்டர் உறையிலிட்டு, எந்த இடத்திலிருந்து விழுந்தது என்ற குறிப்போடு பக்கத்துடனேயே வைத்திருக்க வேண்டும்.

நீலப் பென்சில் கோடுகள், ஓரத்திலுள்ள அச்சக அளவுக் குறிப்புகள், உரிமை அறிவிப்புச் சீட்டு, தொடரைச் செய்தித்தாள்களுக்கு விநியோகிக்கும் நிறுவனமான சிண்டிகேட்டின் முத்திரை, பின்புறத்தில் யாரோ எழுதிய தேதி ஆகியவை அழுக்கு அல்ல. அந்தத் தாள் வரைமேசையிலிருந்து அச்சகத்துக்குச் சென்ற பயணத்தின் சான்றுகள். ரப்பரால் அழிப்பதும், “சட்டத்துக்குப் பொருந்தட்டும்” என்று ஓரத்தை நறுக்குவதும் ஓவியத்தைச் சேதப்படுத்துவதே ஆகும். கிழிசலுக்குச் செல்லோ டேப் ஒட்ட வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத வகை என்று விற்கப்படும் டேப்பும் வேண்டாம். நம் ஊருக்கென்று இன்னொரு எச்சரிக்கையும் தேவைப்படுகிறது: சான்றிதழ் முதல் சாமி படம் வரை எல்லாவற்றையும் லேமினேஷன் செய்து பத்திரப்படுத்தும் பழக்கம் நமக்கு உண்டு. சூட்டில் உருகும் பசையோடு பிளாஸ்டிக்கை இரு பக்கமும் அழுத்தி ஒட்டும் அந்த வேலையைச் செய்த பிறகு, ஓவியத்தை எந்த நிபுணராலும் முழுமையாக மீட்க முடியாது.

இந்த நிலையிலேயே முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் படமெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். பெரிய தாளை ஏ3 ஸ்கேனரில் பகுதி பகுதியாக ஸ்கேன் செய்து இணைக்கலாம். ஆனால் படலமோ ஒட்டுத் துண்டோ உள்ள பக்கத்தைக் கண்ணாடியில் கவிழ்த்து நகர்த்துவது ஆபத்தானது. கேமராவை முக்காலியில் பொருத்தி, இருபுறமும் 45 பாகைக் கோணத்தில் ஒரே மாதிரியான இரண்டு விளக்குகளை வைத்து எடுப்பதே மேல். தாளின் முழு அளவு, ஓவியப் பரப்பின் அளவு, தடிமன் மூன்றையும் மில்லிமீட்டரில் குறித்துக்கொண்டால், பின்னர் உறைக்கும் சட்டத்துக்கும் தாளை மீண்டும் மீண்டும் வெளியே எடுக்க வேண்டியிருக்காது.

உறையும் தாங்கு அட்டையும்

உறையைத் தேர்ந்தெடுப்பதில் முதலில் நீக்க வேண்டியது பிவிசி. கடையில் “கிளியர் ஃபோல்டர்” என்று கிடைப்பவற்றில், திறந்தவுடன் புது ரெக்சின் வாசனை அடிக்கும் மென்மையான உறைகள் பெரும்பாலும் இந்த வகை. அவற்றை இளக்குவதற்காகச் சேர்த்த எண்ணெய்ப் பொருள் காலப்போக்கில் வெளியே கசிந்து மையை இளக்கி உறையோடு ஒட்ட வைக்கும். பாலிப்ரொப்பிலின், பாலிஎத்திலின், பாலியெஸ்டர் ஆகிய மூன்றும் ஏற்கத்தக்கவை. சேகரிப்பாளர்கள் இன்றும் மைலார் என்றே அழைக்கும் பாலியெஸ்டர் படலத்துக்கு, மெலினெக்ஸ் 516 என்பதே காப்பகங்கள் நம்பும் வகையாகும். சிறிய பக்கத்துக்கு 50 அல்லது 75 மைக்ரான் போதும்; 27-க்கு 35 அங்குலத் தாளுக்கு 100 மைக்ரானுக்குக் குறைந்தால் உறையே தொய்ந்து தாளையும் இழுத்துக்கொண்டு வளையும்.

பாலியெஸ்டருக்கு ஒரு குணம் உண்டு: நிலைமின்சாரம். நல்ல நிலையிலுள்ள மைக்கோட்டு ஓவியத்துக்கு அது உதவியே, ஏனெனில் படலம் தாளை மெல்லப் பற்றிக்கொண்டு வழுக்காமல் வைத்திருக்கிறது. ஆனால் உதிரும் வெள்ளை வண்ணம், கரிப்பென்சில், பேஸ்டல், தூக்கிய ஜிப்-அ-டோன் உள்ள பக்கங்களில் அதே ஈர்ப்பு துகள்களைப் பிய்த்தெடுத்துவிடும். அத்தகைய பக்கங்களை உறையில் இடாமல், நடுவில் சாளரம் வெட்டிய அமிலமற்ற மவுண்ட் அட்டைக்குள் வைத்து, மேலே ஒரு மெல்லிய கிளாசைன் அல்லது அமிலமற்ற டிஷ்யூ தாளை விரித்து மூட வேண்டும்.

உறைக்குள் ஓவியத்தின் பின்னால் செல்ல வேண்டிய அட்டை, பருத்தி இழையால் ஆனதாகவோ, தாளை மஞ்சளாக்கும் மரப்பொருளான லிக்னினை நீக்கிய, கால்சியம் கார்பனேட் சேர்த்த அமிலமற்ற அட்டையாகவோ இருக்க வேண்டும். இது வெறும் தாங்கு பலகை அல்ல. பழைய தாள் தன் அமிலத்தைத் தானே வெளியிட்டுக்கொண்டிருக்கும். நான்கு பக்கமும் மூடிய பாலியெஸ்டர் உறைக்குள் அது தேங்கினால் தாள் இன்னும் விரைவாக நொறுங்கும். காரத்தன்மையுள்ள அட்டை அந்த அமிலத்தின் ஒரு பகுதியை ஏற்றுச் செயலிழக்கச் செய்கிறது. அதே காரணத்தால் உறையின் ஒரு பக்கத்தையாவது திறந்தே விட வேண்டும். அட்டை ஓவியத்தைவிடக் கால் அங்குலம் பெரிதாகவும், உறை அட்டையைவிட மேலும் கால் அங்குலம் பெரிதாகவும் இருந்தால், உறை எங்கேனும் இடித்தாலும் அடி அட்டையின் மூலைக்குத்தான் படும். புகைப்பட நகல்கள் ஒட்டப்பட்ட பக்கங்களுக்கு மட்டும், கார்பனேட் சேர்க்காத நடுநிலை அட்டையே பொருத்தம். புகைப்பட ஏற்புச் சோதனையில் தேறியது என்று குறிக்கப்பட்ட பொருள்களைத் தேடி வாங்கலாம்.

இடோயா போன்ற நிறுவனங்கள் விற்கும் பாலிப்ரொப்பிலின் பக்கங்கள் கொண்ட பெரிய கோப்புகள் 18-க்கு 24, 24-க்கு 36 அங்குல அளவுகளிலும் கிடைக்கின்றன. இரு மடங்கு காமிக்ஸ் பக்கங்களை நண்பர்களுக்குக் காட்ட அவை வசதியானவை. ஆனால் கோப்பை நிறுத்தி வைத்தால் உள்ளிருக்கும் தடித்த அட்டைகள் நாளடைவில் கீழிறங்கி வளைகின்றன. ஆகவே கோப்பையும் படுக்க வைத்தே பாதுகாக்க வேண்டும் என்பது என் கருத்து.

இழுப்பறையும் அறையும்

பெரிய தாள்களுக்குரிய சிறந்த இடம், கட்டடக் கலைஞர்கள் வரைபடங்கள் வைக்கப் பயன்படுத்தும் ஆழமற்ற இழுப்பறைகள் கொண்ட இரும்பு அலமாரியாகும். அலுவலகங்கள் கணினிக்கு மாறிய பிறகு பழைய பொருள் விற்கும் கடைகளில் இவை அவ்வப்போது நல்ல விலைக்குக் கிடைக்கின்றன. வாங்குமுன் இழுப்பறையின் உள் அளவை டேப்பால் அளந்து பார்க்க வேண்டும். துரு இருந்தால் நீக்கிப் பவுடர் கோட்டிங் செய்து, வாசனை முழுவதும் போன பிறகே பயன்படுத்த வேண்டும். மர அலமாரி வேண்டுமானால், மரமும் குறிப்பாக ஒட்டுப்பலகை, எம்டிஎஃப் ஆகியவையும் அசிட்டிக், ஃபார்மிக் அமில ஆவிகளை வெளியிடும் என்பதை அறிந்து, உட்புறத்தை முழுவதும் பாலியெஸ்டர் படலத்தால் மூடிக்கொள்ள வேண்டும். ஓர் இழுப்பறையில் பத்துப் பன்னிரண்டு பக்கங்களுக்கு மேல் அடுக்கினால், அடியிலுள்ளதை எடுக்க மேலுள்ள எல்லாவற்றையும் தூக்க நேரும். சேதம் பெரும்பாலும் அப்போதுதான் நிகழ்கிறது. அலமாரி வாங்க இயலாதவர்கள், கட்டிலுக்கடியில் தள்ளும் தட்டைப் பெட்டியைவிட, பீரோவின் மேல்தட்டில் அமிலமற்ற அட்டைப் பெட்டியில் படுக்கையாக வைப்பதே மேல்.

தரைத்தளத்தில் வசிப்பவர்களுக்கு இதைத் தனியே சொல்ல வேண்டும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் தண்ணீர் எந்த உயரம் வரை வந்தது என்பது அவரவர் சுவரிலேயே பதிந்திருக்கும். அலமாரியின் கடைசி இழுப்பறை அந்தக் கோட்டுக்கு மேலே இருக்க வேண்டும். முடியாவிட்டால், மழைக்காலத்துக்கு முன் மாடி வீட்டு உறவினரிடம் ஒப்படைக்கும் ஏற்பாட்டையாவது செய்துகொள்ள வேண்டும்.

ஈரப்பதமே நம் ஊரின் முதல் எதிரி. தாளுக்கு 40 முதல் 55 சதவீத ஒப்பு ஈரப்பதம் ஏற்றது. 65-ஐத் தாண்டினால் பூஞ்சைக்கு வழி திறக்கிறது. கடலோர ஊர்களில் 70, 80 என்பது அன்றாட நிலவரம். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் ஈரப்பதமானி ஒன்றை அறையிலும் மற்றொன்றை இழுப்பறைக்குள்ளும் வைத்து ஒரு மாதம் குறித்துப் பார்த்தால் உங்கள் வீட்டின் உண்மை நிலை தெரிந்துவிடும். இரவில் ஏசி போட்டுப் பகலில் அணைக்கும் படுக்கையறையில், எண் ஒரே நாளில் ஏறி இறங்குவதைப் பார்ப்பீர்கள்; சற்று அதிகமானாலும் நிலையாக இருக்கும் ஈரப்பதத்தைவிட இந்த ஊசலாட்டம் பெரிய தாளை அதிகம் வருத்தும். ஆகவே ஏசி அறையைத் தேடுவதைவிட, வெளிச்சுவரையும் குளியலறைச் சுவரையும் ஒட்டாத உள்ளறையில் நன்றாக மூடும் அலமாரியை வைத்து, அதற்குள் சிலிக்கா ஜெல் இடுவது பயன் தரும். ஈரம் ஏறினால் நிறம் மாறும் ஆரஞ்சு வகையை வாங்கி, நிறம் மாறியதும் ஏறத்தாழ 120 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சமையலறை மின் ஓவனில் உலர்த்தி மீண்டும் பயன்படுத்தலாம். சிறிய பெட்டியில் அளவுக்கு மீறி இட்டு 35 சதவீதத்துக்குக் கீழே கொண்டுபோனால் பழைய தாள் விறைத்து உடையும்.

பூச்சிகளுக்காக அந்துருண்டை போட வேண்டாம்; நாஃப்தலின் ஆவி சில பிளாஸ்டிக்குகளையும் பசைகளையும் இளக்குவதோடு வீட்டிலுள்ளவர்களின் உடல்நலத்துக்கும் கேடு. தஞ்சை சரஸ்வதி மகால் நூலகத்தில் வசம்பு முதலிய பொருள்களை இடித்துத் துணியில் முடிந்து சுவடிகளுக்கருகே வைக்கும் மரபு உண்டு. அதைப் பின்பற்ற விரும்புவோர், எண்ணெய்ச் சத்துள்ள அந்த முடிச்சு எந்தத் தாளையும் அட்டையையும் தொடாதபடி இழுப்பறையின் மூலையில் ஒரு கிண்ணத்தில் வைக்க வேண்டும். ராமபாணப் பூச்சியும் கரப்பானும் வருவது பசைக்கும் அழுக்குக்கும் ஈரத்துக்கும். பழைய செய்தித்தாள், அட்டைப் பெட்டி, கல்யாணப் பத்திரிகைக் கட்டு ஆகியவற்றை அந்த அறையிலிருந்து அகற்றுவதே பாதி மருந்து.

சட்டமிடலாமா

ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் பில்லி அயர்லாந்து கார்ட்டூன் நூலகம் போன்ற இடங்களில் மூல ஓவியங்கள் பெரும்பாலான காலம் இருட்டில், பெட்டிகளில் படுத்திருக்கின்றன. காட்சிக்கு வருபவை சில மாதங்களில் மீண்டும் உள்ளே செல்கின்றன. வீட்டிலும் அந்த முறையையே கைக்கொள்ளலாம் என்பது என் துணிபு. சட்டம் என்பது ஓவியத்தின் வீடு அன்று. அவ்வப்போது சென்று தங்கிவரும் விருந்தினர் அறை. மார்க்கர், சாய வண்ணம், கிராஃப்டின்ட் உள்ள பக்கங்களைச் சட்டத்துக்கே அனுப்பாமல், நல்ல பிரதியொன்றை அச்சிட்டு மாட்டிக்கொள்வதில் எந்தக் குறையும் இல்லை.

சட்டமிடுவதென்று தீர்மானித்தால், முழு வேலைக்கும் ஒரே அளவுகோல் உண்டு: செய்வது எதையும் பின்னர் தாளுக்குச் சேதமில்லாமல் பிரித்தெடுக்க முடிய வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் நான் ஒரு இரு மடங்குப் பக்கத்தை நகரத்துக் கடையொன்றில் சட்டமிடக் கொடுத்துவிட்டு, பளபளவென்று திரும்பி வந்ததைக் கண்டு மகிழ்ந்தேன். நான்காம் ஆண்டு சட்டத்தைப் பிரித்தபோது, பின்னால் வைத்த ஹார்டுபோர்டின் பழுப்பு தாளின் முதுகு முழுவதும் ஏறியிருந்தது; நான்கு மூலைகளிலும் டபுள் சைட் டேப்பின் பசை தாளை ஊடுருவி, பஜ்ஜி வைத்த காகிதத்தில் எண்ணெய் ஊறியது போல முன்பக்கத்தில் நான்கு சதுரங்களாகத் தெரிந்தது. கடைக்காரர் தமக்குத் தெரிந்ததைச் செய்தார். என்ன செய்யக்கூடாது என்று நான்தான் சொல்லவில்லை. ஆகவே பொருள்களை நீங்களே வாங்கிக் கொடுத்து, அருகிலிருந்து செய்வித்துக்கொள்ளுங்கள்.

அளவிலிருந்தே தொடங்க வேண்டும். 27-க்கு 35 அங்குலத் தாளைச் சுற்றி மூன்று அங்குல மவுண்ட் வைத்தால் மொத்தம் 33-க்கு 41 அங்குலம் ஆகிறது. மவுண்ட் அட்டைகளின் வழக்கமான முழு அளவோ 32-க்கு 40. ஓர் அங்குலம் குறைகிறது என்பதற்காகக் கடைக்காரர் இரண்டு துண்டுகளை ஒட்ட முன்வருவார், அல்லது தாளின் ஓரத்தை மவுண்டுக்கு அடியில் தள்ளுவார். இரண்டுக்கும் இணங்காமல் 40-க்கு 60 அங்குல அட்டையைத் தருவிக்க வேண்டும்; இல்லையேல் மவுண்டின் அகலத்தை இரண்டரை அங்குலமாகக் குறைத்துக்கொள்ளலாம். எனக்குப் பிடித்தது மூன்றாவது வழி: மவுண்டே இல்லாமல், தாளின் நான்கு ஓரங்களும் ஓரக் குறிப்புகளும் முழுமையாகத் தெரியும்படி பின் அட்டையின் மேல் மிதப்பதுபோல் பொருத்துவது. காமிக்ஸ் மூலத்தில் ஓரமும் கதை சொல்லும்.

தாளைப் பின் அட்டையில் நிறுத்துவதற்கு மெல்லிய தாளானால் ஜப்பானியக் கோசோ தாளில் கீல்கள் செய்து, சுத்திகரித்த கோதுமை மாவுச்சத்துப் பசையால் மேல் ஓரத்தில் மட்டும் ஒட்டுவது உலகெங்கும் ஏற்றுக்கொள்ளப்பட்ட முறை. வீட்டில் காய்ச்சும் மைதாப் பசை இதற்கு ஈடாகாது. அதிலுள்ள குளூட்டன் மஞ்சளாகி இறுகும், பூச்சிகளையும் அழைக்கும். கீல் எப்போதும் ஓவியத் தாளைவிட வலிமை குறைந்ததாக இருக்க வேண்டும். சட்டம் கீழே விழுந்தால் கிழிவது கீலாக இருக்கட்டும். ஃபாஸ்டர் காலத்து ஞாயிறு பக்கம் போன்ற தடித்த பெரிய அட்டைக்குக் கீலை மட்டும் நம்பக் கூடாது. அதன் எடையைக் கீழ் ஓரத்திலிருந்து தாங்க வேண்டும். அமிலமற்ற அட்டைப் பட்டைகளைத் தாளின் தடிமனுக்குச் சமமாக அடுக்கி ஒரு பள்ளம் செய்து, அதற்குள் தாளை அமர்த்தி, பாலியெஸ்டரில் மடித்த மூலைப் பைகளாலும் பக்கப் பட்டைகளாலும் மெல்லப் பிடிக்கச் செய்யலாம். பசை தாளைத் தொடுவதே இல்லை. பள்ளத்தில் இடமும் வலமும் மேலும் 3 மில்லிமீட்டர் இடைவெளி விட மறக்க வேண்டாம். ஐப்பசி மழையில் தாள் விரியும்போது இடமில்லாவிட்டால் நடுவில் புடைக்கும்.

அடுத்தது கண்ணாடி. 33-க்கு 41 அங்குலத்துக்கு 3 மில்லிமீட்டர் கண்ணாடி ஏறத்தாழ ஆறரை கிலோ எடை. அதே தடிமன் அக்ரிலிக் மூன்று கிலோவுக்குச் சற்று மேல். உடைந்தால் ஓவியத்தைக் கிழிக்காது என்பதையும் சேர்த்தால், பெரிய பக்கங்களுக்கு அக்ரிலிக்கே என் தேர்வு. ஆனால் விளம்பரப் பலகைக் கடையில் கிடைக்கும் சாதாரண அக்ரிலிக் போதாது. புற ஊதாக் கதிரைத் தடுப்பது என்று குறிக்கப்பட்ட வகையைக் கேட்டு வாங்க வேண்டும். ட்ரூ வியூ நிறுவனத்தின் ஆப்டியம் மியூசியம் அக்ரிலிக் நிலைமின்சாரமும் பிரதிபலிப்பும் இல்லாதது. விலை கேட்டால் மலைப்பு வரும், எனினும் உதிரும் வெள்ளை வண்ணமுள்ள பக்கத்தைச் சட்டமிட்டே தீர வேண்டுமென்றால் அந்தச் செலவுக்கு மாற்று இல்லை. சாதாரண அக்ரிலிக்குக்கும் நிலைமின்சாரம் உண்டு என்பதால் அதைப் பாலியெஸ்டரைப் போலவே நடத்த வேண்டும். அமோனியா கலந்த நீலக் கண்ணாடி திரவத்தால் அதைத் துடைத்தால் மேற்பரப்பில் நுண்விரிசல்கள் ஓடும். ஈரமான மென்துணி போதும்.

ஓவியம் எந்த இடத்திலும் அக்ரிலிக்கைத் தொடக்கூடாது. சிறிய சட்டத்தில் மவுண்டின் தடிமனே அந்த இடைவெளியைத் தந்துவிடும். பெரிய சட்டத்திலோ அக்ரிலிக் உள்நோக்கி வளையும், தாளும் முன்னோக்கி எழும்பும். ஆகவே ஓரங்களில் இடைவெளிப் பட்டை வைத்துக் குறைந்தது 6 மில்லிமீட்டராவது விட வேண்டும், மிதக்கும் முறையில் 10 வரை விடலாம்.

பின்புறத்துக்கு வரும்போது நம் ஊர்க் கடைகளில் ஒரு பெயர்க் குழப்பம் காத்திருக்கிறது. சன்போர்டு, சன்பேக் என்று இரண்டு பொருள்கள் உண்டு. சன்போர்டு பிவிசி நுரைப் பலகை. ஓவியத்தின் பின்னால் வரவே கூடாது. சன்பேக் என்பது உள்ளே குழல் குழலாக இருக்கும் பாலிப்ரொப்பிலின் தகடு. ஏற்கத்தக்கது, எடையும் குறைவு. பெரிய சட்டத்துக்கு அதையும்விட விறைப்பு வேண்டுமானால், பெயர்ப்பலகைகளுக்குப் பயன்படும் அலுமினியக் கலப்புத் தகடு பொருத்தமானது. ஈரம் அதைக் கடக்காது, கரையானும் அதை அரிக்காது. ஆனால் எதுவானாலும் அதற்கும் ஓவியத்துக்கும் நடுவே அமிலமற்ற அட்டை இருந்தே ஆக வேண்டும்.

அக்ரிலிக், இடைவெளிப் பட்டை, ஓவியம், அட்டை, பின்தகடு ஆகியவற்றை அடுக்கிய பிறகு, சட்டத்தில் பொருத்துமுன் நான்கு பக்க விளிம்புகளையும் அலுமினிய டேப்பால் ஒரே பொதியாகச் சுற்றி மூடினால், வெளியிலுள்ள ஈரப்பத ஏற்ற இறக்கம் உள்ளே மெதுவாகவே செல்லும், ராமபாணமும் நுழையாது. டேப் ஓவியத்தையோ அதை ஏந்தும் அட்டையின் முகத்தையோ தொடாமல் விளிம்பிலேயே நிற்க வேண்டும். இங்கே காலம் முக்கியம். அடைமழை நாளில் மூடினால் அந்த ஈரத்தையே உள்ளே பூட்டியதாகும். ஓவியத்தையும் எல்லா அட்டைகளையும் 50 சதவீதத்துக்கு அருகில் ஈரப்பதம் நிற்கும் அறையில் இரண்டு மூன்று நாள் வைத்திருந்து, அங்கேயே மூட வேண்டும். மரச்சட்டமானால் ஓவியப் பொதி அமரும் பள்ளத்தில் அலுமினிய டேப் ஒட்டிக்கொள்ளலாம். இந்த அளவுக்கு அலுமினியச் சட்டம் வளையாமலும் நிற்கும்.

மாட்டுதல்

பால்கனிக்கு எதிர்ச்சுவர், மழையில் ஓதம் ஏறும் வெளிச்சுவர், சமையலறை, பூஜையறை விளக்கின் புகை செல்லும் பாதை ஆகியவற்றைத் தவிர்த்தால், பல வீடுகளில் எஞ்சுவது வரவேற்பறையின் ஒரு உள்சுவர் மட்டுமே. அது போதும். ஒற்றை ஆணியில் கம்பி கட்டித் தொங்கவிடாமல், சட்டத்தின் இருபுறமும் டி வடிவ வளையங்களைத் திருகி, சுவரில் துளையிட்டுப் பிளக் வைத்த இரண்டு ஸ்க்ரூக்களில் மாட்ட வேண்டும். கீழ் மூலைகளில் ரப்பர் குமிழ்களை ஒட்டினால் சுவருக்கும் சட்டத்துக்கும் இடையே காற்று ஓடும்.

தாளில் வரைந்தவற்றுக்கு அருங்காட்சியகங்கள் ஏற்கும் ஒளியளவு, வெளிச்சத்தை அளக்கும் அலகான லக்ஸில் ஏறத்தாழ 50. மாலை நேரத்தில் மங்கலான எல்இடி விளக்கொன்று எரியும் அறையைப் போன்றது. ஒளியின் சேதம் கூடிக்கொண்டே போவது. அதற்கு ஓய்வு கொடுத்தால் சேர்வது நிற்குமே தவிர, சேர்ந்தது குறையாது. நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் 50 லக்ஸில் மூன்று மாதம் மாட்டியிருந்தால் 36,000 லக்ஸ் மணி. அதே பக்கத்தை 500 லக்ஸ் விழும் சன்னலோரத்தில் வைத்தால் ஒன்பது நாளிலேயே அந்தக் கணக்கு தீர்ந்துவிடும். புற ஊதாத் தடுப்பு இருந்தாலும் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் தாளைப் பழுப்பாக்கும் என்பதால், ஆண்டுக்கு மூன்று அல்லது நான்கு மாதம் மாட்டுவது, பிறகு இழுப்பறைக்கு அனுப்புவது என்ற சுழற்சியே தக்கது. ஒரே அளவுள்ள இரண்டு பக்கங்கள் இருந்தால் ஒரே சட்டத்தில் மாற்றி மாற்றி வைக்கலாம். அப்படியானால் அலுமினிய டேப்பையும் ஒவ்வொரு முறையும் புதிதாகச் சுற்ற வேண்டும்.

மாதம் ஒருமுறை கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் போதும்: அக்ரிலிக்கின் உட்புறத்தில் மூடுபனி போன்ற படலம், தாளில் புதிய அலை, ஓரத்தில் மணல் போன்ற துகள், வெள்ளை வண்ணத்திலிருந்து அடியில் விழுந்த பொடி. இவற்றில் ஒன்று தென்பட்டாலும் அன்றே இறக்கிப் படுக்க வைத்து, உலர்ந்த அறையில் திறக்க வேண்டும். பூஞ்சை தெரிந்தால் துடைக்காமல், மற்ற ஓவியங்களிலிருந்து பிரித்து ஈரத்தைக் குறைத்து, தாள் பாதுகாப்பு நிபுணரிடம் கொண்டுசெல்ல வேண்டும். எந்தக் குறையும் தெரியாவிட்டாலும் மூன்றாண்டுக்கு ஒருமுறை பிரித்துப் பார்ப்பது நல்லது. அன்று பிரிப்பவர் நீங்களாக இல்லாமலும் போகலாம் என்பதால், எந்தப் பசை, எந்த அட்டை, எந்த அக்ரிலிக், எந்த மாதம் மூடியது, கழன்ற துண்டு எந்த இழுப்பறையில் இருக்கிறது என்பதை ஒரு அமிலமற்ற தாளில் பென்சிலால் எழுதி, பின்தகட்டின் வெளிப்புறத்தில் ஓர் உறையில் ஒட்டி வையுங்கள்.